பெயர் அழித்த கட்டில்

வெல்டர் உப்புத்தாளை நான்காக மடித்துக் கட்டிலின் தலைமாட்டுத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயின்ட் லேசில் விடவில்லை. பகலெல்லாம் கேட் வேலை, தோள் ஓய்ந்துபோயிருந்தது.

கேட்டும் ஜன்னலும் அடிப்பது அவர் பிழைப்பு. எங்கள் பகுதியில் படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கட்டில், வாக்கர் இரவல் கொடுத்து, திரும்பி வந்ததும் கழுவிப் பழுது பார்ப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று சொல்வது நான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில்.

வெளியூரில் சொந்த லாரிகள் ஓட்டி நன்றாக இருக்கும் வெல்டரின் மச்சான், அவர் மனைவியின் அண்ணன், பிறந்த ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஆறு கட்டில்களுக்குப் பணம் கொடுத்தார். இன்னும் ஆறுக்குத் தருவதாகவும் சொன்னார். ஒவ்வொன்றிலும் தன் அப்பாவின் பெயரும் இறந்த தேதியும் இருக்கவேண்டும் என்றார். எழுதியாயிற்று.

ஆறும் வெல்டர் வீட்டு ஷெட்டிலேயே நின்றன. கேட்டு வந்தவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று நழுவினார்கள். தச்சர் ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார்: "அடுத்த தேதி என்னோடதா? நான் தரையிலயே கிடக்கறேன்." கிடந்தார். முதுகு புண்ணாகிவிட்டது. அதன் ஆழத்தை நான் வந்து சொன்ன பிறகுதான் வெல்டர் உப்புத்தாளை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்தா மச்சான் வந்து நிற்கவேண்டும்?

"எங்கப்பா பேரையா சுரண்டறீங்க, மாப்பிள்ளை?"

வெல்டர் கையை நிறுத்தவில்லை. "அவர் பேருல யாரும் படுக்க மாட்டேங்கறாங்க, மச்சான். நான் என்ன பண்றது?"

பெயர் இல்லாத கட்டிலுக்கு இனி ஒரு பைசா வராது என்றார் மச்சான். இதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று வாசலில் நின்ற தங்கையையும் கேட்டார். அவள் உள்ளே போனாள். அவளுக்கும் அப்பாதானே.

நான் சொன்னேன்: "உங்கப்பாவும் தரையிலதான் கிடந்தார் தம்பி. புண்ணைத் துடைச்சவ நான்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். வெல்டரின் மனைவி அன்று சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துவிட்டாளாம்.

மறுநாள் காலை, தேய்த்து முடித்த கட்டிலைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் தச்சர் வீட்டில் போட்டோம். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கட்டு மாற்றிவிட்டுத் திரும்பினோம். ஷெட்டில் வெல்டரின் மனைவி இரண்டாவது கட்டிலின் முன்னால் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். தேதி போயிருந்தது. பெயர் அப்படியே இருந்தது.

"இதை நீங்க அழிச்சிடுங்க" என்று உப்புத்தாளை நீட்டினாள்.

வெல்டர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் மூன்றாவது கட்டிலின் தேதிக்குப் போனாள்.