கிடாரத்து மகாராணி

சுவிஸின் ஓர்லிகோன் தமிழரிடையே நூறு பேருக்குச் சோறு வேகும் கிடாரம் மனோகரி வீட்டில் மட்டுந்தான் இருந்தது. அவரும் கணவர் பாலேந்திரனும் அதைச் சேர்ந்தே ஆண்டார்கள். இரவல் கேட்டால் மனோகரி, "இவரைக் கேக்கவேணும்" என்பார். பாலேந்திரனோ, "அவவைக் கேக்கவேணும்" என்பார். கேட்டவர் அலைந்தே களைப்பார்.

எண்பத்தேழு வயதில் பாலேந்திரன் கண்ணை மூடினார். இனி ஒருத்தியின் ஆட்சிதானே என்று, போனமுறை கிடாரத்தைக் கழுவாமலே திருப்பித் தந்த சிறீதரன் முதல் ஆளாக வந்து நின்றான்.

மனோகரி சுவரிலிருந்த கணவரின் படத்தை அண்ணாந்து பார்த்தார். "இவர் வேண்டாமெண்டுறார், தம்பி."

மறுநாள் ஜெயமலர் தன் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கிடாரத்தைக் கேட்டாள்.

"ஓம், கொண்டுபோ பிள்ளை!"

"அண்ணையைக் கேக்கேல்லையோ, அக்கா?" என்று ஜெயமலர் படத்தைக் காட்டினாள்.

"ஓமெண்டு சொல்ல நான் ஒருத்தியே காணும். இல்லையெண்டு சொல்லத்தான் இவர் வேணும்."