கட்டுப் போட்ட கால்

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்ததே கபடிக்காகத்தான். காலையில் மெஷின், சாயங்காலம் மைதானம். பாடிப் போய் எதிரணியைத் தொட்டுத் திரும்புவது என் வேலை. நாலு பேர் கட்டிப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு வந்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அந்த வருடம் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியைப் பார்க்க ஒரு தொழில்முறை அணியிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. என் வாழ்க்கையே அந்த ஒரு ஆட்டம்தான் என்று நம்பினேன். வலிக்கிற காலில் கட்டுப் போட்டால் எதிரணி அங்கேயே பாயும். அதனால் நன்றாக இருந்த இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். பழைய சுளுக்கு என்று கோச்சிடம் புளுகினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிரணியில் மூலையில் நின்றவன் என் சிநேகிதன். தளிப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் ஊர் ஆட்டத்தில் அடிபட்ட இடத்தில் எவனும் கை வைக்க மாட்டான். கம்பெனி ஆட்டம் ஆடி ஆடி எனக்கு அது மறந்துவிட்டது. அவனுக்கு மறக்கவில்லை. கட்டில்லாத வலது காலைத் தாவிப் பிடித்தான். உள்ளே ஏதோ அறுந்தது எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நின்று அழுதான். "அடிபட்ட கால்ல கை வெக்கக் கூடாதுன்னுதான்டா இந்தக் காலப் புடிச்சேன்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சிநேகிதன் காலை முடமாக்கிவிட்டோம் என்று அவன் அன்றோடு கபடியை விட்டுவிட்டான். பிடிப்பதில் அவனைப் போல இந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது. இப்போது கெலமங்கலத்தில் லாரிக்குத் தக்காளி ஏற்றுகிறான். நான் அதே கம்பெனி ஸ்டோரில் போல்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் மார்க்கெட்டில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. தூக்கிய கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கால்களையே பார்த்தான்.

"கட்டுப் போட்ட காலப் புடிச்சிருந்தா, நீ இன்னும் கொஞ்ச வருசம் ஆடியிருப்ப, இல்ல?"

"ஆடியிருப்பேன்டா."

"நானும் ஆடியிருப்பேன்" என்றான்.