மூடையும் சேர்ந்து விழுந்தால்

பிழையில்லாத ஒரு விடையைச் சொன்னதற்காக ஒருவன் குற்றவாளி ஆக முடியுமா? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடுதான் குடியிருக்கிறேன். சென்ற வாரம் தேனியிலிருந்து போடிக்குத் திரும்பிய பஸ்சில் அது மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் கைப்பேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து விழும் பெண்ணை ஒருவன் பறந்துவந்து ஏந்திக்கொள்கிறான். "டேய், அவன் கை இரும்புடா. அதுல விழுந்தா என்ன, ரோட்டுல விழுந்தா என்ன?" என்றான் ஒருவன். "அப்புறம் எதுக்குடா அவன் ஹீரோ?" என்றான் மற்றவன். எனக்கு விடை தெரியும். அது நாக்கின் நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து நகத்தால் பிளந்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த மணம் வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்பதை உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை எதுவும் அமையாமல், போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்திருந்தேன். மலையிலிருந்து மூடை மூடையாக வந்து இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து, பெருங்காய், சிறுகாய், வெடித்த காய், பூச்சி அரித்த காய் என்று பிரிக்கும் இடம் அது. நீண்ட தகரக் கூரையின் கீழே முப்பது பெண்கள் சுளகுகளை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் மேசையில் இருப்பேன். டெரிலின் சட்டை, பையில் பேனா, நெஞ்சு நிறைய இலட்சியம். அறிவியலைப் பாமர மக்களிடம் கொண்டுசேர்ப்பதே படித்தவன் கடமை என்று ஒரு கட்டுரைப் போட்டியில் எழுதி மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். முதல் இரண்டு பரிசு வாங்கியவர்களுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. கடமை எனக்கு மட்டும் மிச்சமிருந்தது.

அந்த ஸ்டோரில் ஒரு வழக்கம் இருந்தது. முருகாயி அக்கா என்று ஒருவர். முப்பது வயதிருக்கும், எட்டாவதுவரை படித்தவர். மதிய உணவுக்குப் பிறகு அவர் படக்கதைப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசிப்பார். அவர் பங்குக் காயை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளித் தங்கள் சுளகில் போட்டுப் பொறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதலாளி இதைத் தடுக்கவில்லை. கதை கேட்கிற நேரத்தில் பெண்கள் அரட்டை அடிப்பதில்லை, காயை எடுத்து மெல்லுவதுமில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் அந்தப் புத்தகத்தின் நாயகன் பெயர் வச்சிரதேகன். உடம்பில் எதுவும் ஏறாது. குண்டு பட்டால் தெறிக்கும், வாள் பட்டால் வளையும். முகமூடியும் மேலங்கியுமாக உலகைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அவனை, எங்கள் ஸ்டோரின் முப்பது பெண்களும் மாதம் ஒருமுறை விசாரணைக்கு உட்படுத்தினார்கள்.

"இவனுக்குக் காச்சல் வந்தா எப்படி ஊசி போடுறது?" என்று முருகாயி அக்கா வாசிப்பை நிறுத்திக் கேட்பார்.

"ஊசி ஒடஞ்சு போகும்" என்பார் ராமுத்தாயி. ஸ்டோரிலேயே உரத்த குரல் அவருடையது.

"தேளு கொட்டுனா?"

"தேளுக்குத்தான் கொடுக்குப் போகும். பாவம், அது புள்ளகுட்டிக்காரத் தேளோ என்னமோ."

"எல்லாஞ் சரி, மீசைய எதை வச்சுடி ஒதுக்குறான்? அம்புட்டு எடுப்பா இருக்கே."

சிரிப்பு அடங்குமுன் அக்கா அடுத்த கேள்வியை வைத்துவிடுவார். எல்லோரும் வச்சிரதேகனின் மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதில் பட்டுத் தெறித்த குண்டு எங்கே போனது என்று தேடுகிறவர் அவர். "பின்னாடி பழக்கடைக்காரன் ஒருத்தன் நிக்கிறானே, அவனுக்கு என்ன ஆச்சு? அடுத்த படத்துல அவனக் காணோமே." கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு அந்தப் பழக்கடைக்காரன் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த விசாரணைகளுக்கு வெளியிலிருந்து வரும் ஒரே வழக்கறிஞன் செல்லப்பாண்டி. முருகாயி அக்காவின் தம்பி, என் வயதுக்காரன். குரங்கணிக்கு மேலே இருந்த தோட்டங்களிலிருந்து ஸ்டோருக்கு மூடை இறக்கும் ஜீப்பை ஓட்டினான். வச்சிரதேகன் கட்சி. லோடு இறக்கும்வரை வாசல் தூணில் சாய்ந்து நின்று கதை கேட்டு, யார் குறை சொன்னாலும் சண்டைக்கு வருவான். ஆனால் வண்டி ஓட்டுவதில் அவனைப் போல் பயந்தவனை நான் பார்த்ததில்லை. மற்ற ஜீப்புகளில் மூடைக்கு மேல் ஆட்கள் குருவிக் கூட்டம்போல் உட்கார்ந்து இறங்குவார்கள். இவன் மட்டும் ஏற்ற மாட்டான். "எறங்கு ஆத்தா, மேல ஒக்காந்தா வளைவுல தூக்கி எறிஞ்சிரும்" என்று இறக்கிவிட்டு, மூடைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் இரண்டு பேரை மட்டும் குந்தவைத்துக் கொண்டுவருவான். நனைந்தபடி நடந்து இறங்க நேர்ந்தவர்கள் அவனை வையாத நாளில்லை.

அந்த மாதக் கதையில் வில்லன் ஒரு பெண்ணைக் கோட்டை மதிலிலிருந்து தள்ளிவிட, வச்சிரதேகன் கீழே நின்று இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். செல்லப்பாண்டி விசிலடித்தான். நான் மேசையிலிருந்து எழுந்தேன். அன்று நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

"அவள் பிழைத்திருக்க மாட்டாள்" என்றேன்.

"என்ன டிகிரி, அதான் புடிச்சுட்டான்ல?" என்றான் செல்லப்பாண்டி.

டிகிரி என்பதுதான் ஸ்டோரில் என் பெயர். நான் விளக்கினேன். விழுகிறவரைக் கொல்வது உயரமன்று, திடீரென நிற்பதுதான். கடினமான கை கடினமான தரையைப் போலவே அவளைச் சட்டென்று நிறுத்தும். நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் அடி குறையும். ஆகவே அவளை வச்சிரதேகன் ஏந்துவதைவிட, கீழே ஒரு மூடை ஏலக்காய் கிடந்திருந்தால் நல்லது. காய் உள்ளே காற்றடைத்த பண்டம், அமுங்கிக் கொடுக்கும்.

யாரும் நம்பவில்லை. ராமுத்தாயி வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த முட்டைகளில் ஒன்றைக் கேட்டேன்.

"தரையில போட்டா ஒடையும்னு எனக்கே தெரியும், அதுக்கு டிகிரி வேணாம். மூடையில மட்டும் போடு. ஒடஞ்சா, நீதான் வந்து எம்புருசனுக்குப் பதில் சொல்லணும்."

நான் மூடை அடுக்கின் உச்சியில் ஏறி நின்றேன். கீழே தரையில் வாய் கட்டிய ஒரு மூடை. முப்பது சுளகுகளும் அசையாமல் நின்றன. முட்டையைக் கைவிட்டேன். அது மூடையில் பொதுக்கென்று விழுந்து, ஒரு குழி பறித்து, அதிலேயே படுத்துக்கொண்டது. உடையவில்லை. ராமுத்தாயி ஓடிப்போய் எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்காக யாரும் அப்படிக் கைதட்டியதில்லை.

"அப்ப மூடைமேல ஒக்காந்திருக்கிறவனுக்கு அடி கொறையுமா டிகிரி?" என்று கேட்டான் செல்லப்பாண்டி. அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"குறையும். அதில் சந்தேகமே இல்லை" என்றேன்.

முருகாயி அக்கா மட்டும் தட்டவில்லை. முட்டை பறித்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மூடை தரையில கெடந்துச்சு, சரி. மூடையும் சேந்து விழுந்தா?"

சரியான கேள்வி அதுதான். உங்களுக்கு இப்போது விளங்குகிறதல்லவா? எனக்கும் ஒரு நிமிடம் நின்று எண்ணியிருந்தால் விளங்கியிருக்கும். ஆனால் நான் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். "அதை அடுத்த மாசப் புத்தகத்துலதான் பார்க்கணும் அக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டுச் சுளகைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஜீப் ஸ்டோர் வாசலுக்கு வந்தபோது மூடைக்கு மேலே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பாண்டி வண்டியிலிருந்து தலையை நீட்டி, "மெத்தை டிகிரி, மெத்தை!" என்று கத்தினான். மழையில் யாரும் நடக்க வேண்டியிருக்கவில்லை. அவனை வாழ்த்திக்கொண்டு இறங்கினார்கள். அறிவியல் மக்களிடம் சேர்ந்துவிட்டது. நான் கையசைத்தேன். கண்ணால் பார்த்தும் கையசைத்தேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். ஏனெனில் அந்த முட்டையைக்கூட மன்னித்துவிட முடிகிறது, இந்தக் கையசைப்பை முடியவில்லை.

ஐப்பசியில் முருகாயி அக்கா மலைமேல் தோட்டத்தில் இருந்த சின்னம்மா மகளின் சடங்குக்குச் சீர் கொண்டுபோனார். மறுநாள் பகலில் தம்பியின் ஜீப்பிலேயே இறங்கினார். முன்னிருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்ததால் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏறிக்கொண்டார்கள். முதல் நாள் பெய்த மழையில் ஒரு வளைவின் ஓரம் அரித்திருந்தது. வண்டி வேகமாகக்கூட வரவில்லை. ஓரம் சரிந்து, ஜீப் மெல்லச் சாய்ந்து, பக்கவாட்டில் ஒரே ஒரு புரட்டுப் புரண்டு, ஒரு காப்பிச் செடியில் முட்டி நின்றது. இரண்டு ஆள் உயரம்கூட இராது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. மேலே இருந்த இருவர் புதரில் போய் விழுந்து சிராய்ப்போடு எழுந்தார்கள். அக்கா முதலில் விழுந்தார். அவர்மேல் மூடைகள் விழுந்தன.

மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லப்பாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் அமர்ந்தேன். திரும்பாமலே சொன்னான். "மேல ஏற மாட்டேன்னுச்சு டிகிரி. நாந்தான், ஏறுக்கா, முட்டையே ஒடையலையேன்னு சொன்னேன்."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசவாவது ஏதேனும் கிடைத்திருக்கும். நடந்ததை நடந்தபடி சொன்னான், அவ்வளவுதான்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். நான் போக ஒரு மாதம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியங்களைக் கட்டுரைப் போட்டிக்குத் தயார் செய்வதுபோல் எழுதி, அடித்து, மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஓட்டுக் கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டிகிரித் தம்பி" என்றார். மனப்பாடம் மறந்துபோயிற்று.

"அன்னைக்கு நான் ஒன்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க அக்கா."

"மூடையும் சேந்து விழுந்தா என்னன்னு."

"ஆமாம் அக்கா."

"அடுத்த மாசப் புத்தகத்துல பாக்கலாம்னீங்க." குரலில் குத்தலே இல்லை. "புத்தகம் வந்துச்சா?"

வந்திருந்தது. என் பையில்தான் இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆரஞ்சுப் பழங்களுடன் அதையும் எடுத்துப் போயிருந்தேன். வாசிக்கச் சொன்னார். கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்து வாசித்தேன். வச்சிரதேகன் அந்த மாதம் பாலத்திலிருந்து கவிழ்ந்த ரயில்பெட்டியைத் தோளில் தாங்கினான். உள்ளே இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியே கையசைத்தார்கள். அந்தப் படத்தை அக்காவின் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பெட்டி சட்டென்று நின்றதே, உள்ளே இருந்தவர்கள் எதில் போய் மோதினார்கள் என்று கேட்பார், குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று ஒரு மூடநம்பிக்கை எனக்குள் வந்திருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

அதன்பிறகும் மாதந்தோறும் போனேன். புத்தகம் வந்ததா என்று அவர் மறுபடி கேட்கவே இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் வந்த புண் பெரிதாகிக்கொண்டே போனது. அடுத்த ஐப்பசிக்கு முன்னால், ஒரு பகல் வேளையில், வீட்டில் யாரும் இல்லாதபோது போய்விட்டார்.

செல்லப்பாண்டி அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தேவாரம் பக்கம் ஒரு தோப்பில் யானைக்காவலுக்கு இருந்தான் என்றும், பிறகு அங்கும் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் எழுதிய இரண்டு கடிதங்களும் திரும்பி வந்தன. அந்த ஸ்டோரின் தகரக் கூரை எண்பதுகளிலேயே இறங்கிவிட்டது. இன்று காயைத் தரம் பிரிக்க எந்திரம் இருக்கிறது. அதன் சத்தத்தில் யார் எதை வாசித்தாலும் காதில் விழாது. வச்சிரதேகன் புத்தகமும் ஏதோ ஒரு மாதம் வராமல் நின்றுபோயிற்று. எந்த மாதம் என்று சொல்லத் தெரியவில்லை; அதற்கு முன்பே ஸ்டோரில் அதை எதிர்பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

அக்கா விழுந்த நாளுக்குப் பிறகு அங்கே யாரும் கதை வாசிக்கவில்லை. அவர் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தார். தம் பங்குக் காயைத் தாமே பொறுக்கினார். மூடைக்கு மேல் ஆளேற்றும் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன.