உலையில் வைத்த முதல் கதவுக் கண்ணாடி

நாமக்கல்லில் கண்ணாடித் தொழில் எப்படி ஆரம்பித்தது என்று கேட்பவர்களுக்கு நான் என் மனைவியைத்தான் கைகாட்டுவேன். மணலை உருக்கிக் கண்ணாடி செய்தோம் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வாங்கி வந்த கண்ணாடியை உலையில் காய்ச்சி, லாரிக் கதவுக்கு ஏற்றபடி உறுதியாக்கினோம், அவ்வளவுதான். அதுவரை அந்தக் கண்ணாடி வெளியூரிலிருந்துதான் வரும்.

நான் சாதாரணக் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தேன். உலை போடலாம் என்று ஆட்டையாம்பட்டி நெசவாளர் வீட்டில் பிறந்த அவள் சொன்னபோது சிரித்தேன். அவளோ போட்டே காட்டினாள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், "மூணு வண்டிக்குச் செஞ்சு குடுங்க. சரியா இருந்தா இனி உங்ககிட்டத்தான்" என்றார்.

அளவெடுத்தவன் நான். எங்கள் ஊரில் கேபினைக் கையால் கட்டுவார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால் கண்ணாடியைச் சற்றுப் பெரிதாகவே வெட்டிக்கொண்டு போய், வண்டியில் வைத்துப் பார்த்து ஓரத்தைச் சரிசெய்வோம். பழக்கதோஷத்தில் உலைக்குப் போகிற கண்ணாடியையும் அப்படியே வெட்டிவிட்டேன். பட்டறையில் முதல் கண்ணாடி கதவில் நுழையவில்லை. "இதோ ஒரு நிமிசம்" என்று கண்ணாடி வெட்டும் கட்டரை ஓரத்தில் வைத்து அழுத்தினேன். மொத்தமும் கற்கண்டாக நொறுங்கி என் காலடியில் கொட்டியது. உலையில் காய்ச்சியதை வெட்டவே முடியாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"இது ஒத்து வராதுங்க. பழையபடி வெளியூர்லயே வாங்கிக்கறேன்" என்றார் பட்டறைக்காரர். அவள் முன்னால் வந்தாள்.

"அளவெடுத்தது நாந்தானுங்க. தப்பு என்மேல. ரெண்டு நாள் குடுங்க."

அன்றே மூன்று வண்டிகளிலும் ஏறி, கதவுக்குக் கதவு செய்தித்தாளை ஒட்டி, விளிம்பில் கரியைத் தேய்த்து அச்செடுத்தாள். எந்தத் தாள் எந்த வண்டிக்கு என்று எழுதிவைத்தாள். "ஏனுங்க, கோட்டுக்கு வெளிய ஒரு மயிரிழை போகக்கூடாது" என்று நான் வெட்டும்போது பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் உலை.

மூன்று வண்டிகளிலும் கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டறைக்காரர் கதவை நாலு தடவை அடித்துச் சாத்திப் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டிக்கும் தாளு எடுத்துக்க அம்மணி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று ஊரில் பல உலைகள். எல்லாரும் முதலில் தாளில்தான் அச்செடுக்கிறார்கள். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று அவளிடம் கேட்டால், "மொத கண்ணாடிக்கு நான் தப்பா அளவெடுத்துட்டனுங்க, அதுல கத்துக்கிட்டது" என்பாள். எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கதைதான் தெரியும். நானும் பக்கத்தில் நின்று இத்தனை வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.