பிஸ்கட் டின்னுக்குள் வராத இடி

சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே உறுதிமொழி கொடுத்துவிடுகிறேன். அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் ஆரோக்கியம் அண்ணனை அறிந்திருந்த பெருமக்களே, அவர் இறந்த செய்தி எனக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. வரவிடாமல் தடுத்தவர் அவரேதான்.

போன வாரம், நான் இப்போது குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவில் மதியத்திலிருந்தே வானம் உறுமிக்கொண்டிருந்தது. வழக்கப்படி என் கைப்பேசியை அவர் கொடுத்த பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடினேன். அந்த டின்னுக்குள் இடியும் வராது, அழைப்பும் வராது. மழை விட்ட பிறகு திறந்தேன். உடனே மணி அடித்தது. அவருடைய மகள்.

"எங்க மாமா போயிட்டீங்க? எவ்வளவு நேரமா அடிக்கிறேன். அப்பா போயிட்டாரு."

டின்னைப் பற்றிச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த பெண் கொஞ்சம் நிதானித்து, "அப்பா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு லா" என்றாள்.

வெள்ளைக்காரர் ஆட்சி காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. நான் தோட்டத்துக் கடையில் இருந்தேன். பால் டின்னோ மீன் டின்னோ, விற்கும்போதே, சேர்த்துவைக்க முடியாதபடி துளைபோட்டுக் கொடுக்க வேண்டும். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாது என்பது அன்றைய சட்டம். காலியான டின்களை வேலியில் கட்டித் தொங்கவிட்டோம். யாராவது கம்பியில் கை வைத்தால் கலகலக்கும். அந்தக் கலகலப்புக்குக் காது கொடுத்தே நான் இளைத்துப் போய், என் கைலி இடுப்பில் மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றியது.

ஆபத்தென்றால் கூப்பிட எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன். ரப்பர் காட்டுக்குள் கம்பங்களில் ஓடிய கம்பி, கோலா சிலாங்கூர் போலீஸ் நிலையம் வரை போனது. அதைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆபீசில் இருந்தவர் ஆரோக்கியம் அண்ணன். அவர் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு தடவை இடி அந்த டெலிபோனைச் சுட்டுவிட்டது. வேறொன்று வரும்வரை தோட்டம் ஊமையாகக் கிடந்தது. அந்த நாட்களில்தான் யாரோ வந்து எங்கள் ரப்பர் புகைக்கூடத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

"இடி நம்ம மேலயே விழணும்னு இல்ல தம்பி. அரை மைல் அந்தாண்ட விழுந்தாலும் கம்பியப் புடிச்சிக்கிட்டு உள்ள வந்து உக்காந்துரும்" என்பார். வானம் கறுத்தால் ஜன்னலோரத்து நெம்புகோலைக் கீழே தள்ளுவார். கம்பியில் வருவது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு டெலிபோனைக் கழற்றி ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைப்பார். மூடி பதியும் விளிம்பில் சாயத்தைச் சுரண்டி, தகரத்தோடு தகரம் ஒட்டும்படி செய்திருந்தார்.

எப்போது மறுபடி மாட்டுவது? அதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மின்னல் தெரிந்ததும் 'அருள் நிறைந்த மரியே' என்று ஜெபத்தைத் தொடங்குவார். ஆமென் சொன்ன பிறகு இடி கேட்டால் தூரம். நடுவில் கேட்டால் தலைக்கு மேல். ஐந்து வேளை தொழுகிற நான் அந்த ஜெபத்தை இன்றைக்கும் பாதிரியாரைவிடச் சுத்தமாகச் சொல்வேன்.

ஒரு நாள் பிற்பகல். மழை கொட்டியது. இடி இடிக்கும்போது வேலியிலுள்ள டின்கள் அத்தனையும் சேர்ந்து அதிரும். அது எங்களுக்குப் பழக்கம். அன்று இடி ஓய்ந்த இடைவெளியில், ஆபீசுக்குப் பின்பக்க மூலையில் மட்டும் டின்கள் ஆடின. நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். தொழிலாளர்களை மேற்பார்க்கும் முனியன் மண்டோர் எனக்கு முன்பே அங்கே நின்றார்.

"போனை மாட்டுய்யா. மூலையில டின்னு ஆடுது."

"இப்ப மாட்டி, இடி உள்ள வந்துச்சுன்னா நாளைக்குப் பேச ஒண்ணும் இருக்காது மண்டோரே."

"நாளைக்கு நாம இருக்கணும்ல."

ஆரோக்கியம் அண்ணன் டின்னை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். மின்னியது. அந்த வெளிச்சத்தில் மண்டோரின் விலா எலும்புகளை எண்ணியிருப்பேன். 'மரியே'யைத் தாண்டுவதற்குள் இடி விழுந்தது. அடுத்த தடவை ஜெபம் பாதிவரை போனது. டின்கள் மறுபடி ஆடின, இந்தத் தடவை இன்னும் பக்கத்தில்.

"வேகமாச் சொல்லுய்யா" என்றார் மண்டோர்.

"வேகமாச் சொன்னா இடி தள்ளிப் போயிருமா?"

மூன்றாவது மின்னல். மூவரும் சேர்ந்தே சொன்னோம். மாரியம்மன் கோயில் திருவிழாவை முன்நின்று நடத்துகிற மண்டோர் எங்களைவிட உரக்கச் சொன்னார். ஆமென் வந்தது. அதற்குப் பிறகே இடி வந்தது.

அவர் எழுந்தார். மூலையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டுகள் மேல் ஏறி நின்றுகொண்டு, டெலிபோனை எடுத்து மாட்டினார். நெம்புகோலை மேலே தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினார். "வேலியில ஆளு. சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான். நெம்புகோல் கீழே, டெலிபோன் டின்னுக்குள். மூடிய கையை எடுப்பதற்குள் வானம் பிளந்தது. நெம்புகோலில் பலாப்பழம் அளவுக்கு நீல நெருப்பு உருண்டு, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மண்டோரின் மீசையைக் கருக்கிவிட்டு மண்ணுக்குள் இறங்கியது.

போலீஸ் லோரி வரும் சத்தம் கேட்டபோது டின்கள் அடங்கிவிட்டன. ஆரோக்கியம் அண்ணனால் ஷீட்டுகளிலிருந்து இறங்க முடியவில்லை. நான்தான் தூக்கி இறக்கினேன். அப்போது சொன்னார்: "பயமில்லாதவன் கையில போனைக் குடுக்காத தம்பி. அவன் இடியிலயும் மாட்டி வச்சிருவான்."

தோட்டத்தை விட்டுப் போகும்போது அந்த டின்னை என்னிடம் கொடுத்தார். இத்தனை காலம் இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல நீல நெருப்பு பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. கோலி அளவில் பிறந்ததுதான் இன்று பலாப்பழம். மண்டோருக்கு மீசையே கிடையாது. விலா எலும்பையும் கைலியையும் உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சின்னதாக ஒன்று மட்டும் உண்மை. மழை விட்டதும் மூவரும் ஆபீசுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். வேலியின் கீழ்க் கம்பிகள் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. மின்னல் சுட்ட கருப்பு எங்கும் இல்லை. வெட்டிய முனைகள் பளபளவென்று இருந்தன. அதில் ஒரு துண்டை ஆரோக்கியம் அண்ணன் எடுத்து டின்னுக்குள் போட்டார். அது இன்னும் அதில்தான் இருக்கிறது, என் கைப்பேசிக்குப் பக்கத்தில்.