அக்கா மாட்டிக்கொண்ட கூண்டு

விண்வெளிக் குடியிருப்புக்குக் காற்றுப் புகாத கதவு செய்யும் பட்டறையில் எங்கள் அக்கா ஃபிட்டர். வெளியிலிருந்து ஒரு குண்டூசிகூட வராமல் உள்ளேயே வாழ்ந்துவிடலாம். அப்படி ஒரு சோதனைக் கூண்டு பட்டறையில் இருந்தது. ஒரு நாள் அக்கா உள்ளே இருக்கும்போது கதவு மூடிச் சிக்கிக்கொண்டது.

இன்ஜினியர்கள் குய்யோ முறையோ என்று ஓடினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு நின்றார். உள்ளே அக்கா கட்டிலில் காலாட்டியபடி, அங்கேயே காய்த்த தக்காளியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"மத்தியானம் நான் என்னடி சாப்பிடறது?" மைக்கில் அலறினார் மனிதர்.

"குண்டூசிகூட வாங்காம இந்தக் கூண்டு ஓடுது. நீங்களும் ஒரு நாள் நான் இல்லாம ஓட்டிப் பாருங்க!"

சாயங்காலம் கதவை அறுக்க ஆள் வந்தான். "ஐயையோ, என் கதவு!" என்று துள்ளி எழுந்தாள் அக்கா. இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்து இரண்டே திருகு. கதவு திறந்துகொண்டது.