அத்தானின் காளான் டானிக்

அக்கா வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு பழுப்பு நிறப் பாட்டில் இருக்கிறது. அதில் ஒட்டிய தாளில் குடை விரித்த சிவப்புக் காளான் படம். உள்ளே இப்போது மணப்பாட்டுக் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம். ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் என் கண் அந்தக் காளானில்தான் போய் நிற்கும். அப்புறம் சிரிப்பை அடக்கவே நேரம் சரியாக இருக்கும்.

அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நல்ல வேலைக்காரர், சாயங்காலமானால் நல்ல குடிகாரர். காலையில் துறைமுக கேட்டில், குடித்திருந்தால் கத்தும் கருவியில் ஊதிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஒருமுறை அது கத்திவிட்டது. இன்னொரு தடவை கத்தினால் பாஸைப் பிடுங்கிவிடுவோம் என்று பாதுகாப்பு அதிகாரி சொல்லிவிட்டார். பாஸ் போனால் வேலையும் போச்சு. குடியை விட்டால் தீர்ந்தது என்று எங்களுக்குத் தோன்றியது. அத்தானுக்குத் தோன்றியது காளான். மருத்துவக் காளான் போதையை முறிக்கும் என்று எவனோ செல்போனில் வீடியோ அனுப்பியிருந்தான். டானிக் கூரியரில் வந்து சேர்ந்தது. விடிந்ததும் ஒரு மூடி குடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, தருவைகுளத்திலிருந்து பைக்கில் வந்து ஊதுவார். கருவி வாயே திறக்காது. ராத்திரி முழுக்கத் தூங்கியதால்தான் தெளிந்தது என்று நான் சொன்னால் ஏற்க மாட்டார். "தூக்கத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா ஆஸ்பத்திரி எதுக்கு மாப்ள கட்டுதாங்க?" என்பார்.

பிறகு தபசுகாலம் வந்தது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியதும் குடியை நிறுத்துவது எங்கள் கடற்கரைக் குடிகாரர்களின் வழக்கம். ஈஸ்டர் வரை அவர்களைப்போல நல்லவர்களைப் பார்க்க முடியாது. அத்தானும் ஒரு சொட்டு தொடவில்லை. டானிக்கை மட்டும் விடவில்லை. "உள்ள கெடக்குற பழசையும் கழுவிட்டுப் போவட்டுமே" என்றார். ஒருநாள் காலையில் பைக் பஞ்சர். வீட்டில் டானிக் குடிக்க நேரமில்லாமல் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர், கேட் வரிசையில் நின்றபடியே ஒரு மூடியை வாயில் கவிழ்த்துவிட்டு ஊதினார். கருவி ஊரைக் கூட்டியது.

பக்கத்து ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்த நான் ஓடினேன். "சத்தியமா குடிக்கல சார்" என்று அத்தான் சொல்லச் சொல்ல வரிசையே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவுக்கு போன் போட்டேன். ஆட்டோவில் வந்து இறங்கினாள். தினமும் ராத்திரி அத்தானை வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்த்துவிட்டே உள்ளே விடுகிறவள் அவள். இப்போதும் சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். பிறகு அவர் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அதையும் முகர்ந்தாள்.

"இவுக குடிக்கல சார். இந்தக் காளான்தான் குடிச்சிருக்கு. சாராயத்துல ஊறப் போட்டிருக்கான்."

"எல்லா வீட்டுக்காரம்மாவும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அதிகாரி.

கேக்கில் ஒயின் இருக்குமோ என்று பயந்து கிறிஸ்துமஸ் கேக்கையே தொடாத என் அக்கா, மாதா சபைத் தலைவி, ஒரு மூடி டானிக்கை ஊற்றி ஒரே மடக்கில் குடித்தாள். முகம் எட்டுக் கோணலாகப் போனது. "இப்ப என்னய ஊதச் சொல்லுங்க" என்றாள். ஊதினாள். அத்தானுக்குக் கத்தியதைவிட ஓங்கிக் கத்தியது கருவி. வரிசையில் கைதட்டல். அதிகாரி இருவரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லி, வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார். சத்தமில்லை; கருவி பிடித்தது வாயில் ஒட்டியிருந்த டானிக்கைத்தான். பாஸ் பிழைத்தது.

அதோடு அத்தான் குடியை விட்டார் என்று எழுத ஆசைதான். ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டார். குடி நின்றது, ஓய்வு பெற்றபின் டாக்டர் மிரட்டித்தான்.

போன வாரம், தீர்த்தத்துக்கு வேறு நல்ல பாட்டில் வாங்கித் தருகிறேன் என்றேன். அத்தான் அந்தக் காளான் படத்தை வேட்டி முனையால் துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

"இருக்கட்டும் மாப்ள. ஊரே சிரிச்சப்ப ஒங்க அக்கா ஒருத்திதான் என்னய நம்புனா."

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "நான் எங்க நம்புனேன். மோந்துல்லா பாத்தேன்."